கொள்கலனில் தரவுத்தள வழங்கி

கொள்கலனில் தரவுத்தள வழங்கி என்பது, போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி போன்ற உறவுநிலைத் தரவுத்தள மென்பொருள் ஒன்றைக் கணினியில் நேரடியாக நிறுவாமல், கொள்கலன் எனப்படும் தனிமைப்படுத்தப்பட்ட சூழலுக்குள் இயக்கும் முறையாகும். டாக்கர், பாட்மேன், குபெர்நெட்டிஸ் ஆகிய மென்பொருள்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. கொள்கலன் எந்த நேரத்திலும் அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படலாம் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டது. தரவுத்தளமோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை மின்தடைக்குப் பின்னரும் இழக்கக்கூடாது என்ற கடமையுடையது. இவ்விரண்டையும் இணைக்கும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த முரணிலிருந்தே தோன்றுகின்றன. இக்கட்டுரை போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளையும் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) டாக்கரையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

கொள்கலனின் இயல்பு

கொள்கலன் ஒரு மெய்நிகர் இயந்திரம் அன்று. மெய்நிகர் இயந்திரத்துக்குள் தனியான இயங்குதளக் கருனி ஒன்று இயங்கும். கொள்கலனுக்குள் அவ்வாறு எதுவும் இல்லை. அதனுள் இயங்கும் தரவுத்தளம், அதனைத் தாங்கும் தாய்க் கணினியின் லினக்ஸ் கருனியில் ஓடும் சாதாரணச் செயல்முறையே ஆகும். கருனியின் இரு வசதிகள் அதனைப் பிறவற்றிலிருந்து பிரிக்கின்றன. பெயர்வெளிகள், ஒரு செயல்முறை எவற்றைக் காணலாம் என்பதை வரையறுக்கின்றன: கோப்புகள், பிற செயல்முறைகளின் எண்கள், வலையமைப்பு, பகிர்வு நினைவகம் முதலியன. கட்டுப்பாட்டுக் குழுக்கள், அது எவ்வளவு நினைவகமும் செயலி நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை வரையறுக்கின்றன.

கொள்கலனின் கோப்புகள் படிமம் ஒன்றிலிருந்து வருகின்றன. படிமம் பல அடுக்குகளால் ஆனது. அவ்வடுக்குகள் மாற்ற முடியாதவை. கொள்கலன் தொடங்கும்போது அவற்றின் மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று வைக்கப்படுகின்றது. கொள்கலனை நீக்கினால் இம்மேலடுக்கும் அதிலுள்ள அனைத்தும் நீங்கிவிடும்.

வரலாறு

உறவுநிலை மாதிரியை எட்கர் காட் 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியபோது முன்வைத்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம், 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அதாவது, அதன் அடிப்படை வடிவமைப்பு கொள்கலன்களுக்கு மிகவும் முற்பட்டது. ஒரு கணினியில் ஒரு நிருவாகி நிறுவி, ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் ஓட்டும் மென்பொருளாகவே அது கருதப்பட்டது.

கொள்கலனின் வேர் 1979ஆம் ஆண்டின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிரூட் என்ற கருனி அழைப்புக்குச் செல்கின்றது. பிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் ஜெயில் வசதி 2000இலும், லினக்ஸ் கருனியின் கட்டுப்பாட்டுக் குழுக்கள் 2008இலும் வெளிவந்தன. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர், இவ்வசதிகளை எளிய கட்டளைகளுக்குள் அடக்கியது. குபெர்நெட்டிஸ் 2014இல் அறிவிக்கப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் தரவுத்தளத்தைக் கொள்கலனில் வைப்பது தவறு என்ற கருத்தே வலுவாக இருந்தது. அன்று அதற்கு நியாயமும் இருந்தது. வால்யூம்களை நிருவகிக்கும் தனிக் கட்டளை டாக்கரில் 2015 நவம்பரில் வந்த 1.9 பதிப்பில்தான் சேர்ந்தது. இன்று அக்கருத்து மாறியிருந்தாலும், அதற்கு அடிப்படையாக இருந்த தொழில்நுட்பக் காரணங்கள் பல அப்படியே உள்ளன.

தரவு தங்கும் இடம்

கொள்கலனின் மேலடுக்கு ஓவர்லே எனப்படும் கோப்பு முறைமையால் அமைக்கப்படுகின்றது. கீழடுக்கிலுள்ள கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும், முழுக்கோப்பும் முதலில் மேலடுக்குக்குப் படியெடுக்கப்படும். தரவுத்தளக் கோப்புகளுக்கு இது ஒவ்வாது. கொள்கலனோடு தரவும் அழிந்துவிடும் என்பது அதனினும் பெரிய குறை. எனவே தரவுக் கோப்பகம் வால்யூம் எனப்படும் தனிச் சேமிப்புப் பகுதியில் வைக்கப்படுகின்றது. வால்யூம் தாய்க் கணினியின் கோப்பு முறைமையில் நேரடியாக அமைகின்றது. ஓவர்லே அடுக்குகளைத் தொடுவதில்லை. கொள்கலன் நீக்கப்பட்ட பின்னரும் எஞ்சி நிற்கின்றது.

இதில் புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது பெயரற்ற வால்யூம் ஆகும். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ டாக்கர் படிமம், தன் தரவுக் கோப்பகத்துக்கு வால்யூம் தேவை என்று தானே அறிவிக்கின்றது. பயனர் எதையும் குறிப்பிடாவிட்டால், டாக்கர் நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைப் பெயராக இட்டு வால்யூம் ஒன்றை உருவாக்குகின்றது. கொள்கலனை நிறுத்தித் தொடங்கும்வரை எல்லாம் சரியாகவே தோன்றும். அதனை நீக்கிப் புதிதாக உருவாக்கினால், புதிய கொள்கலனுக்குப் புதிய பெயரற்ற வால்யூம் கிடைக்கும். தரவுத்தளம் வெறுமையாகக் காட்சியளிக்கும். உண்மையில் பழைய தரவு அழியவில்லை. யாரும் சுட்டாத பழைய வால்யூமில் அது கிடக்கின்றது. தரவு போய்விட்டது என்று பதறியோ, வட்டில் இடம் வேண்டியோ, பயன்படாத வால்யூம்களைத் துடைக்கும் கட்டளையை இடுபவர்தாம் அதனை உண்மையிலேயே அழிக்கின்றனர்.

இதே விளைவு தவறான பாதையாலும் நேர்ந்தது. 17ஆம் பதிப்பு வரை, அப்படிமத்தின் தரவு போஸ்ட்கிரெஸ்கியூஎல் கோப்பகத்துக்குள் உள்ள டேட்டா என்ற துணைக் கோப்பகத்தில் இருந்தது. பெயரிட்ட வால்யூமை ஒரு படி மேலே, தாய்க் கோப்பகத்தில் பொருத்தியவர்களுக்கு, டேட்டா கோப்பகம் மட்டும் தனியான பெயரற்ற வால்யூமாக அமைந்தது. பெயரிட்ட வால்யூம் இருக்கின்றதே என்று அவர்கள் நிம்மதியாக இருந்தனர். அதில் தரவு எதுவும் இல்லை. 2025இல் வெளிவந்த 18ஆம் பதிப்பின் படிமத்தில் இவ்வமைப்பு மாற்றப்பட்டது. இப்போது வால்யூம் தாய்க் கோப்பகத்தில்தான் பொருத்தப்படவேண்டும். தரவு, பதிப்பெண்ணைப் பெயராகக் கொண்ட துணைக் கோப்பகத்தில் அமைகின்றது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைப்பவர்கள் இம்மாற்றத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

தாய்க் கணினியின் கோப்பகம் ஒன்றை நேரடியாகப் பொருத்துவதும் உண்டு. அப்போது கோப்பு உரிமை சிக்கலாகின்றது. கருனி பயனர்களைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகின்றது. டெபியன் அடிப்படையிலான படிமத்தில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999. ஆல்பைன் அடிப்படையிலான படிமத்தில் 70. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், தன் கோப்புகளைத் தானே திறக்க இயலாத நிலை வரலாம்.

வட்டில் எழுதியதற்கு உறுதி

தரவுத்தளம் ஒரு பரிவர்த்தனையை ஏற்றுக்கொண்டதாக விடையளிக்குமுன், அதன் விவரத்தை முன்னெழுது பதிவேட்டில் எழுதி, எஃப்சிங்க் என்ற கருனி அழைப்பின் வழியாக அது வட்டை அடைந்ததை உறுதி செய்துகொள்கின்றது. அட்டவணைக் கோப்புகள் பின்னர் ஆறுதலாக எழுதப்படும். இடையில் வழங்கி முறிந்தால், பதிவேட்டைப் படித்து விடுபட்டவை நிரப்பப்படும். கொள்கலன் இவ்வேற்பாட்டை மாற்றுவதில்லை. ஆனால் வால்யூமுக்குக் கீழே எவ்வகைச் சேமிப்பு உள்ளது என்பதை மறைத்துவிடுகின்றது. அது உள்ளூர் வட்டாகவோ, வலையமைப்புக் கோப்பு முறைமையாகவோ, உண்மையான கொள்ளளவை விட மிகுதியாகக் காட்டும் சேமிப்பாகவோ இருக்கலாம். பின்னிரண்டில் எழுதும் பிழைகள் தாமதமாக வெளிப்படும்.

இது வெறும் ஐயம் அன்று. 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் கவலைக்குரிய ஒன்றைக் கண்டறிந்தனர். லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை பிழை தந்தால், எழுதப்படாத பக்கங்களைக் கருனி எழுதப்பட்டவையாகக் குறித்துவிடக்கூடும். அடுத்த முறை அழைக்கும்போது வெற்றி என்றே விடை வரும். போஸ்ட்கிரெஸோ அதுவரை, பிழை வந்தால் மீண்டும் முயன்றால் போதும் என்று நம்பியிருந்தது. அந்த வெற்றியை நம்பி முன்னெழுது பதிவேட்டின் பழைய பகுதிகளை விடுவித்தால், தரவு இரண்டு இடங்களிலும் இல்லாமற் போகும். 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தங்களுக்குப் பின், எஃப்சிங்க் பிழை வந்தவுடன் வழங்கி தன்னைத்தானே முறித்துக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீள்கின்றது.

ஒரே கோப்பகத்தில் இரு வழங்கிகள்

கொள்கலன்களுக்கே உரிய ஆபத்துகளில் இதுவே மிகக் கடுமையானது. ஆனால் குறைவாகவே பேசப்படுகின்றது. ஒரே தரவுக் கோப்பகத்தில் இரு வழங்கிகள் எழுதினால் தரவு சிதைந்துவிடும். இதனைத் தடுக்க போஸ்ட்கிரெஸ் இரு காவல்களை வைத்துள்ளது. முதலாவது, தரவுக் கோப்பகத்தில் எழுதப்படும் பூட்டுக் கோப்பு. அதில் இயங்கும் வழங்கியின் செயல்முறை எண் இருக்கும். புதிதாகத் தொடங்கும் வழங்கி அவ்வெண்ணுள்ள செயல்முறை உயிருடன் உள்ளதா எனப் பார்க்கும். இருந்தால் தொடங்க மறுக்கும். இரண்டாவது, பழைய வழங்கியின் பகிர்வு நினைவகப் பகுதி இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்ற சோதனை.

தனித்தனிக் கொள்கலன்களில் இவ்விரு காவல்களும் செயலிழக்கின்றன. ஒவ்வொரு கொள்கலனுக்கும் தனியான செயல்முறை எண் பெயர்வெளி இருப்பதால், இரு வழங்கிகளுமே தம்மை எண் 1 என்று அறிகின்றன. இரண்டாவது வழங்கி பூட்டுக் கோப்பைத் திறந்து எண் 1ஐக் காணும்போது, அது தன்னுடைய எண்ணே என்பதால், முன்பு முறிந்துபோன தன் ஓட்டத்தின் எச்சம் என்று முடிவு செய்து கடந்துவிடும். பகிர்வு நினைவகத்துக்கும் பெயர்வெளி வேறாக இருப்பதால், முதல் வழங்கியின் நினைவகப் பகுதி இரண்டாவதற்குத் தெரிவதில்லை. இரண்டும் தொடங்கிவிடும். இரண்டும் வினவல்களுக்கு விடையளிக்கும். சிதைவு பின்னரே தெரியவரும்.

இந்நிலை எளிதில் நேரக்கூடியது. பழைய கொள்கலனை நிறுத்தாமல் அதே வால்யூமுடன் புதியதைத் தொடங்கினால் போதும். குபெர்நெட்டிஸில் டிப்ளாய்மென்ட் வகை அமைப்பு, இயல்பாகப் புதியதைத் தொடங்கிய பின்னரே பழையதை நிறுத்துகின்றது. இணையச் செயலிகளுக்கு அது நற்பண்பு, தரவுத்தளத்துக்கு நஞ்சு.

தொடக்கமும் நிறுத்தமும்

கொள்கலன் முதன்முறை தொடங்கும்போது, தரவுக் கோப்பகம் வெறுமையாக இருந்தால் மட்டும், படிமத்திலுள்ள தொடக்க நிரல் புதிய தரவுத்தளத்தை உருவாக்குகின்றது. மேலாளரின் பெயர், கடவுச்சொல் ஆகியவை சூழல் மாறிகளிலிருந்து அப்போது எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பின்னர் சூழல் மாறியில் கடவுச்சொல்லை மாற்றிக் கொள்கலனை மீண்டும் உருவாக்கினாலும் தரவுத்தளத்துக்குள் உள்ள கடவுச்சொல் மாறாது. கடவுச்சொல் ஏன் ஏற்கப்படவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவோர் பலர்.

நிறுத்தும்போது டாக்கர் முதன்மைச் செயல்முறைக்குச் சைகை ஒன்றை அனுப்பி, இயல்பாக 10 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் நிற்காவிட்டால் தடுக்கவியலாத கொல்லும் சைகையை அனுப்பும். இயல்பான சைகை சிக்டெர்ம் ஆகும். போஸ்ட்கிரெஸ் அதனை வேறு பொருளில் கொள்கின்றது: புதிய இணைப்புகளை ஏற்காதே, இருக்கும் பயனர்கள் தாமே விலகும்வரை காத்திரு. இணையச் செயலிகள் தம் இணைப்புகளைத் திறந்தே வைத்திருப்பதால் அவை விலகப்போவதில்லை. 10 நொடிகள் கழிந்து வழங்கி கொல்லப்படும். உறுதி செய்யப்பட்ட பரிவர்த்தனைகள் இதனால் இழக்கப்படா. ஆயினும் அடுத்த தொடக்கத்தில் முறிவு மீட்பு நடைபெறும், மிகுந்த எழுத்துப் பணியுள்ள தரவுத்தளத்தில் அது நெடுநேரம் எடுக்கலாம். அதிகாரபூர்வப் படிமம் இப்போது சிக்டெர்முக்கு மாற்றாகச் சிக்கின்ட் என்ற சைகையைக் கேட்டுப்பெறுகின்றது. அது நடப்பிலுள்ள பரிவர்த்தனைகளைக் கைவிட்டு, இணைப்புகளை மூடி, ஒழுங்காக நிறுத்தும். காத்திருப்பு நேரத்தை ஒன்றரை நிமிடம் அளவுக்கேனும் உயர்த்துவது நல்லது.

நினைவகம்

கொள்கலனுக்கு 2 கிகாபைட் நினைவக வரம்பு இடப்பட்டதாகக் கொள்வோம். போஸ்ட்கிரெஸ் அவ்வரம்பை அறிந்து தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. அமைப்புக் கோப்பில் எழுதியதையே பின்பற்றுகின்றது. நினைவகத்தில் கால் பங்கைப் பகிர்வு இடையகத்துக்கு ஒதுக்குக என்பது வழக்கமான அறிவுரை. இங்கு கால் பங்கு என்பது தாய்க் கணினியின் 64 கிகாபைட்டில் அன்று, கொள்கலனின் 2 கிகாபைட்டில். அதாவது 512 மெகாபைட். எஞ்சியது 1536 மெகாபைட். ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் 64 மெகாபைட் வரை எடுக்கலாம் என அமைத்துவிட்டு, 30 இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வரிசைப்படுத்தலைச் செய்தால் 1920 மெகாபைட் தேவைப்படும். வரம்பு மீறப்படுகின்றது.

வரம்பு மீறினால் கருனி ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொல்லும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனிச் செயல்முறை என்பதால், ஒரு பயனரின் இணைப்பு மட்டும் அறும் என எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. கொல்லப்பட்ட செயல்முறை பகிர்வு நினைவகத்தில் பாதி எழுதிய நிலையில் இறந்திருக்கலாம் என்பதால், மேற்பார்வைச் செயல்முறை அந்நினைவகத்தை நம்புவதில்லை. எல்லா இணைப்புகளையும் துண்டித்து முறிவு மீட்பைத் தொடங்குகின்றது. ஒருவருடைய பெரிய அறிக்கை எல்லோருடைய பணியையும் நிறுத்திவிடும். 2023இல் வெளிவந்த குபெர்நெட்டிஸ் 1.28 பதிப்பிலிருந்து, புதிய வகைக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் உள்ள கணினிகளில் கொள்கலன் முழுவதுமே சேர்த்துக் கொல்லப்படுவது இயல்பாக்கப்பட்டது.

வேறொரு வரம்பு பலருக்குத் தெரிவதில்லை. டாக்கர் தன் கொள்கலனுக்குப் பகிர்வு நினைவகக் கோப்பு முறைமையாக இயல்பில் 64 மெகாபைட் மட்டுமே தருகின்றது. இணைநிலை வினவல்கள் தமக்குள் தரவைப் பகிர இவ்விடத்தையே பயன்படுத்துகின்றன. பெரிய அட்டவணைகளை இணைக்கும் வினவல் ஒன்று, வட்டில் நூற்றுக்கணக்கான கிகாபைட் காலியாக இருக்கும்போதே, சாதனத்தில் இடமில்லை என்ற பிழையுடன் நிற்கும். கொள்கலனை உருவாக்கும்போதே இவ்வளவை உயர்த்திக் கொடுப்பது தீர்வாகும்.

அகரவரிசையும் சுட்டுவரிசையும்

உரைகளை ஒழுங்குபடுத்தும் விதிகளை போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாகத் தானே வைத்திருக்கவில்லை; இயங்குதளத்தின் சி நூலகத்திடம் கேட்டுப் பெற்றது. இண்டெக்ஸ் எனப்படும் சுட்டுவரிசை அவ்விதிகளின்படி அடுக்கி வட்டில் சேமிக்கப்படுகின்றது. விதிகள் பின்னர் மாறினால், அடுக்கிய வரிசைக்கும் தேடும் வரிசைக்கும் பொருத்தமின்றிப் போகும். இருக்கும் பதிவு தேடினால் கிடைக்காது. ஒருமை காக்கும் சுட்டுவரிசை, அதே மின்னஞ்சல் முகவரியை இரண்டாம் முறை ஏற்றுக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது.

2018 ஆகஸ்டில் வெளிவந்த கிளிப்சி 2.28 பதிப்பு இவ்விதிகளைப் பெருமளவில் மாற்றியது. நேரடியாக நிறுவிய கணினியில் இயங்குதள மேம்படுத்தல் என்பது அறிந்தே செய்யும் பணி. கொள்கலனில் சி நூலகமும் படிமத்துக்குள் இருப்பதால், படிமத்தைப் புதுப்பிக்கும் ஒரே கட்டளையில் போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாறாமலேயே கீழுள்ள டெபியன் பதிப்பு மாறிவிடலாம். படிமத்தின் குறிச்சொல்லில் டெபியன் பதிப்பின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுவது இதனைத் தடுக்கும். 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, தரவுத்தளத்தின் இயல்பு விதிகளின் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை தரப்படுகின்றது. அதனைக் கண்டால் சுட்டுவரிசைகளை மீண்டும் கட்டவேண்டும்.

தமிழ்த் தரவுகளை வைத்திருப்போருக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. அளவிற் சிறியது என்பதற்காகப் பலரும் விரும்பும் ஆல்பைன் படிமம் மசில் என்ற வேறொரு சி நூலகத்தைக் கொண்டது. அந்நூலகம் மொழிவாரி ஒழுங்கைப் பார்ப்பதில்லை. ஒருங்குறி எண்களின் வரிசையையே பின்பற்றுகின்றது. ஒருங்குறியில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன் வைக்கப்பட்டுள்ளது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது இறுதி மெய். எனவே அகராதியில் மரம் முன்னும் மனம் பின்னும் வரவேண்டியிருக்க, இங்கு மனம் முந்திக்கொள்ளும். டெபியன் படிமத்திலிருந்து ஆல்பைன் படிமத்துக்கு அதே வால்யூமை மாற்றினால், மேற்சொன்ன சுட்டுவரிசைச் சிதைவும் உடன் வரும். தமிழ் அகரவரிசையை அறிந்த ஐசியூ நூலகத்தை 15ஆம் பதிப்பு முதல் முழுத் தரவுத்தளத்துக்கும் இயல்பாக அமைக்க முடிகின்றது. மாற்றாக, 2024இல் வந்த 17ஆம் பதிப்பு, சி நூலகத்தைச் சாராத உள்ளமைந்த விதி ஒன்றைத் தருகின்றது. அதில் தமிழ் வரிசை வராது எனினும், படிமம் மாறினாலும் ஒழுங்கு மாறாது. தமிழ் வரிசை தேவைப்படும் வினவலில் மட்டும் ஐசியூ விதியைக் கேட்டுப் பெறலாம்.

பதிப்பு உயர்வு

17.1இலிருந்து 17.2 போன்ற சிறு உயர்வுகளுக்குப் படிமத்தை மாற்றிக் கொள்கலனை மீண்டும் உருவாக்கினால் போதும். கொள்கலன் முறையின் இனிமை இங்குதான் வெளிப்படுகின்றது. 16இலிருந்து 17 போன்ற பெரிய உயர்வுகளில் தரவுக் கோப்பகத்தின் அமைப்பு ஒவ்வாததால், புதிய வழங்கி தொடங்க மறுத்து நின்றுவிடும். பதிப்பெண் இல்லாமல், எப்போதும் புதியதைக் குறிக்கும் லேட்டஸ்ட் என்ற குறிச்சொல்லைப் பயன்படுத்துவோர் இதனை ஒருநாள் எதிர்பாராமல் சந்திக்கின்றனர்.

உயர்வுக்கெனப் போஸ்ட்கிரெஸ் தரும் கருவிக்குப் பழைய, புதிய இரு பதிப்புகளின் நிரல்களும் ஒரே இடத்தில் தேவை. படிமத்திலோ ஒரு பதிப்பே உள்ளது. எனவே இரண்டும் அடங்கிய தனிப்படிமத்தைக் கட்டவேண்டும், அல்லது தரவை எஸ்கியூஎல் உரையாக வெளியேற்றிப் புதிய வழங்கியில் ஏற்றவேண்டும். கோப்புகளைப் படியெடுக்காமல் இணைப்பால் மட்டும் உயர்த்தும் விரைவு முறைக்கு, பழைய, புதிய கோப்பகங்கள் ஒரே வால்யூமில் இருத்தல் வேண்டும். 18ஆம் பதிப்பின் படிமம் பாதையை மாற்றியதற்கு இதுவும் காரணமாகும். 18ஆம் பதிப்பில் புதிய தரவுத்தளங்களுக்குச் சரிபார்ப்புக் கூட்டு இயல்பாகவே இயக்கப்படுகின்றது. அது இல்லாத பழைய தரவுத்தளத்தை உயர்த்தும்போது இரண்டையும் பொருத்திக்கொள்ளவேண்டும்.

வலையமைப்பு

செயலிக் கொள்கலனும் தரவுத்தளக் கொள்கலனும் டாக்கரின் ஒரே தனி வலையமைப்பில் இருந்தால் ஒன்றையொன்று பெயரால் அழைக்கலாம். 5432 என்ற போர்ட்டை வெளியே திறக்கத் தேவையில்லை. இருந்தும் பலர் திறக்கின்றனர். அவ்வாறு திறக்கும்போது டாக்கர் இயல்பாகக் கணினியின் எல்லா வலை முகவரிகளிலும் அதனைத் திறக்கின்றது. உபுண்டுவில் உள்ள யுஎஃப்டபிள்யூ போன்ற தீயரண்களின் விதிகள் இத்தொடர்பைத் தடுப்பதில்லை. டாக்கர் தன் விதிகளைக் கருனியில் நேரடியாக எழுதுவதால் தொடர்பு அவற்றைத் தொடாமலே உள்ளே செல்கின்றது. உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு 127.0.0.1 என்ற முகவரியை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும். சூழல் மாறியில் இட்ட கடவுச்சொல்லை, டாக்கரை இயக்கும் உரிமையுள்ள எவரும் ஒரே கட்டளையால் படிக்கலாம் என்பதால், அதனைக் கோப்பிலிருந்து படிக்கும் வசதியையும் அதிகாரபூர்வப் படிமம் தருகின்றது.

காப்புப்படி

வால்யூம் காப்புப்படி ஆகாது. அது இருக்கும் வட்டு பழுதானால் அதுவும் போகும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் வால்யூமைச் சாதாரணக் கோப்புகளைப் போல் படியெடுப்பதும் பயன்தராது. படியெடுத்து முடிப்பதற்குள் கோப்புகள் ஒன்றுக்கொன்று முரணான நிலைகளை அடைந்திருக்கும். தரவுத்தளத்தின் சொந்தக் கருவிகளால் எடுப்பதும், முன்னெழுது பதிவேட்டைத் தொடர்ச்சியாக வேறிடத்தில் சேர்ப்பதும் ஏற்ற முறைகளாகும்.

காப்புப்படிக் கருவியின் பதிப்பும் முக்கியமானது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தின் முதன்மைத் தரவுக் கோப்பகம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய காப்புப்படிகள் எதுவும் இல்லை என்பது தெரியவந்தது. வழங்கி 9.6 பதிப்பில் இருக்க, காப்புப்படிக் கருவி 9.2 பதிப்பில் இயங்கிப் பிழையுடன் நின்றுகொண்டிருந்தது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த வட்டு நிலைப்படி ஒன்றிலிருந்து தளம் மீட்கப்பட்டது. அந்நிகழ்வு கொள்கலன் சார்ந்தது அன்று. ஆயினும் வழங்கிக்கு ஒரு படிமமும் காப்புப்படிக்கு வேறொரு படிமமும் வைத்து, முன்னதை மட்டும் உயர்த்தினால் அதே நிலை உருவாகும். இரண்டுக்கும் ஒரே படிமத்தைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழாது.

செயல்திறன்

ஐபிஎம் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று மைஎஸ்கியூஎல் வழங்கியை நேரடியாகவும், டாக்கரிலும், கேவிஎம் மெய்நிகர் இயந்திரத்திலும் ஓட்டி ஒப்பிட்டது. தாய்க் கணினியின் வலையமைப்பையும் வால்யூமையும் பயன்படுத்திய கொள்கலன், மிகுந்த சுமையில் நேரடி ஓட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 விழுக்காடே வேறுபட்டது. கேவிஎம்மில் இழப்பு 40 விழுக்காட்டைத் தாண்டியது. அன்றைய அடுக்குக் கோப்பு முறைமையில் தரவை வைத்த கொள்கலனும், முகவரி மாற்றும் வலையமைப்பைப் பயன்படுத்திய கொள்கலனும் பின்தங்கின. மெய்நிகர் இயந்திரங்கள் அதன்பின் மேம்பட்டுள்ளன. மேக், விண்டோஸ் கணினிகளில் டாக்கர் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுவதால், அங்கு அளந்த வேகத்தைக் கொண்டு வழங்கிக் கணினியின் வேகத்தைக் கணிக்க இயலாது. பாதுகாப்பு விதிகளும் இடைபுகலாம்: 18ஆம் பதிப்பில் வந்த ஐஓ-யூரிங் வழி ஒத்திசையா வாசிப்பு முறையை டாக்கரின் இயல்பு விதிகள் தடுக்கின்றன. அம்முறையைத் தெரிவு செய்யாதவரை போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் இயங்கும் என்பதால் வழங்கி தொடங்குவதில் தடையில்லை.

கணினிக் கொத்துகளில்

பல கணினிகளில் கொள்கலன்களைத் தானே இடம்மாற்றி ஓட்டும் குபெர்நெட்டிஸ், முதலில் நிலையற்ற செயலிகளையே கருத்திற்கொண்டது. நிலையான பெயரும் நிலையான சேமிப்பும் தரும் அமைப்பு 2016இல் பெட்செட் என்ற பெயரில் சோதனையாக வந்து, அவ்வாண்டின் இறுதியில் ஸ்டேட்ஃபுல்செட் எனப் பெயர் மாறி, 2017 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில் நிலைபெற்றது. இவ்வமைப்பு ஒரு பெயருக்கு ஒரு கொள்கலனுக்கு மேல் ஒரே நேரத்தில் இயங்காதவாறு காப்பதால், முன்னர் கூறிய இரு வழங்கிச் சிக்கலைப் பெரிதும் தவிர்க்கின்றது. இதற்கு அது கொடுக்கும் விலை, ஒரு கணினி தொடர்பை இழந்துவிட்டால், அது உண்மையில் நின்றுவிட்டதா என்று உறுதியாகும்வரை வேறிடத்தில் புதியதைத் தொடங்காமல் காத்திருப்பதாகும். சேவை நின்றிருக்க, திரை முன் அமர்ந்திருப்பவர் பொறுமையிழந்து பழையதை வலிந்து நீக்கும் கட்டளையை இட்டால் அக்காப்பு அறுந்துவிடும்.

ஸ்டேட்ஃபுல்செட் சேமிப்பையும் பெயரையும் அறியும். எது முதன்மை வழங்கி, எது அதன் படி என்பதை அறியாது. அவ்வறிவை ஒரு நிரலாக எழுதிக் கொத்துக்குள்ளேயே ஓட்டும் முறை 2016இல் கோர்ஓஎஸ் நிறுவனத்தால் ஆப்பரேட்டர் என்ற பெயரில் முன்வைக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸுக்கு இவ்வகையில் பல நிரல்கள் உள்ளன. 2022இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட கிளவுட்நேட்டிவ்பிஜி அவற்றுள் ஒன்று. அது ஸ்டேட்ஃபுல்செட்டைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு கொள்கலனையும் அதன் சேமிப்பையும் நேரடியாகவே நிருவகிக்கின்றது. முதன்மை வழங்கி வீழ்ந்தால், முன்னெழுது பதிவேட்டில் மிகவும் முன்னேறியுள்ள படியைத் தெரிந்தெடுத்து அதனை முதன்மையாக்குகின்றது.